நாலு ரூபாயை எதில் போடுவது? செறிவூட்டிய அரிசி, மாத்திரை, முட்டை, கீரை, சுண்டல்

சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த சமையலர் அக்கா என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையை விரித்தார். ஏழெட்டு அரிசிமணிகள். மற்ற அரிசியைவிடக் கொஞ்சம் மஞ்சளாக, ஓரம் மழுங்கி, ஒடித்துப் போட்ட சேமியா போல இருந்தன. "இதப் பாரும்மா, இதத்தான் பிளாஸ்டிக் அரிசிங்கிறாங்க. கண்ணுல பட்டா பொறுக்கித் தூரப் போட்டுருவேன். புள்ளைங்க திங்கிறதாச்சே" என்றார்.

பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில் அவர் பொறுக்கிப் போட்டதுதான் அந்த மூட்டையில் இருந்த சத்து. அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் மறுபடி அரிசி வடிவில் பிழிந்து எடுத்த மணிகள் அவை. ஒரு கிலோ அரிசிக்கு 10 கிராம் வீதம் கலந்து, செறிவூட்டிய அரிசி என்று அனுப்புகிறார்கள். நூற்றில் ஒன்று. அந்த ஒன்றையும் பொறுக்கி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் அரிசி.

அந்த வாரம்தான் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு கேள்வி வந்திருந்தது. எங்களுடையது திருச்சி மாவட்டத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி. முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து, பிள்ளைகளின் ஊட்டத்துக்காக ஆண்டுதோறும் பணம் தர முன்வந்தார்கள். பள்ளி நாட்களால் வகுத்துப் பார்த்தால், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு நாலு ரூபாய் வருகிறது. இதை எதில் போடுவது? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் சில வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்த்தேன். மற்ற ஊர்க் குழுக்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், ஏற்கெனவே தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இது புதிதாகத் தொடங்கும் வேலை இல்லை. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று எங்கள் மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010-இல் வாரத்துக்கு 5 முட்டை வரை வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. இத்தனை பேர் அடுக்கிய தட்டில் எங்கள் நாலு ரூபாய் எந்த ஓட்டையை அடைக்கப் போகிறது என்பதுதான் கேள்வி.

எந்த ஊட்டம் குறைகிறது என்றால் எல்லோரும் "இரும்புச்சத்து" என்றுதான் சொல்வார்கள். ரத்த சோகை நம்மிடம் நிறைய இருக்கிறது, உண்மைதான். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு 2019–21-இல் ரத்த சோகை இருந்தது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 50.7. கூடியிருக்கிறது. ஆனால் பள்ளி வயதுக் கணக்கை 2016–18-இல் இந்தியா முழுக்க எடுத்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் புதிதாகத் தெரிந்தது. 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் இரும்புக் குறைபாடு 17 சதவீதம். பி12 குறைபாடும் 17. வைட்டமின் ஏ 22. ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமிலமாகச் சேர்க்கும் அதே பி வகை வைட்டமின், 28. அதாவது அந்த வயதில் இரும்பைவிட ஃபோலேட்டும் வைட்டமின் ஏ-வும் அதிகம் பேருக்குக் குறைகின்றன. ஃபோலேட் எங்கே இருக்கிறது? பயறில், கீரையில். நம் பிள்ளைகள் தட்டில் ஒதுக்கிவைப்பதும், வீட்டில் காசு குறையும்போது முதலில் காணாமல் போவதும் அவைதான்.

அப்புறம் இன்னொரு கணக்கு. பத்து வயதுக்கு மேல் போனதும் பெண் பிள்ளைகளில் 40 சதவீதம் பேருக்கு ரத்த சோகை, பையன்களில் 18. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சரி, ஒவ்வொன்றாக.

குழுவில் முதலில் வந்த யோசனை ஊட்டச்சத்து மாவு. பாலில் கலக்கும் டப்பா மாவு. கொடுப்பவர்களுக்குப் பிடிக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும், போட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் நாலு ரூபாய்க்கு ஒரு கரண்டிதான் வரும், அந்தக் கரண்டியிலும் கணிசமான பங்கு சர்க்கரை. பாலுக்குத் தனிக் காசு. இதை நான் ஒரே பேச்சில் வேண்டாம் என்றேன். சாப்பாட்டில் தூவும் சின்னச் சின்ன நுண்சத்துப் பொட்டலங்கள் வேறு விஷயம். அவற்றை 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2016-இல் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் எங்கள் தட்டில் ஏற்கெனவே அரிசியில் இரும்பு, உப்பில் இரும்பு, வாரம் ஒரு மாத்திரையில் இரும்பு. நாலாவதாகவும் ஒரு இரும்பு எதற்கு? பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஊட்டச்சத்து ஆய்வாளர் அனுரா குர்பாட் போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கவலையும் இதுதான்: ஒரே சத்தை நாலு வழியாக ஊற்றினால் அது அளவுக்கு மீறிப் போய்விடலாம்.

செறிவூட்டிய அரிசிக்கு வருவோம். 2020-இல் இது தமிழ்நாட்டில் முன்னோட்டமாக வந்ததே எங்கள் மாவட்டத்தில்தான், ரேஷன் கடை வழியாக. 2021 சுதந்திர தினத்தில் பிரதமர் அறிவித்த பிறகு சத்துணவு, அங்கன்வாடி, ரேஷன் என்று படிப்படியாக எல்லாவற்றிலும் வந்தது. 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை 17,082 கோடி ரூபாயில் 2028 டிசம்பர் வரை நீட்டித்தது. தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் கிலோவுக்குக் கூடுதல் செலவு ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்குப் பத்துப் பைசாகூட ஆகாது. யாரும் தனியாக எதையும் விழுங்க வேண்டாம், சுவை மாறாது, ஒரு நாளும் மறந்துபோகாது. இந்த மூன்றும் பெரிய பலம். நான் இதை எதிர்க்கவில்லை.

எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்தால்தான் நிதானம் வருகிறது. விதிப்படி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆக 3 முதல் 4 மில்லிகிராம். 7 முதல் 9 வயதுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அட்டவணை. கால் பங்குதான். அதுவும் இந்த மணிகளில் பெரும்பாலும் சேர்ப்பது நிறமும் வாடையும் இல்லாத இரும்பு பைரோபாஸ்பேட். சோற்றின் நிறத்தைக் கெடுக்காது, ஆனால் உடம்பில் எளிதாக ஒட்டாது. கஞ்சியை வடித்துக் கொட்டினால் இன்னும் கொஞ்சம் போகும். சத்துணவில் சாம்பார் சாதம், தக்காளி சாதம், புலாவ் என்று தண்ணீர் வற்றச் சமைப்பதால் அந்த இழப்பு குறைவு. ரேஷன் அரிசியை வீட்டில் வடிக்கும்போதுதான் போகிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு கோக்ரேன் மீளாய்வு, செறிவூட்டிய அரிசியால் ரத்த சோகை குறைவதில் பெரிய வித்தியாசம் இருக்காமல் போகலாம் என்றுதான் முடித்தது. ஆக, இது தரை. தரை வேண்டும். ஆனால் தரை போட்டதுமே வீடு கட்டியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

நீலகிரி மாதிரி இடங்களில் ஒரு கூடுதல் கவனம் தேவை. அங்குள்ள பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்த சோகை (பரம்பரையாக வரும், ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் நோய்) இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. இந்தியாவில் அந்த நோய் முதலில் தெரியவந்ததே அங்கேதான். அந்தப் பிள்ளைகளின் ரத்த சோகை இரும்பு குறைந்து வருவது இல்லை. அப்படிப்பட்ட ஊர்களில் முதல் வேலை பரிசோதனை.

உப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அயோடினும் இரும்பும் சேர்த்த இரட்டைச் செறிவூட்டிய உப்பு. நம் தமிழ்நாடு உப்பு நிறுவனம் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்திலிருந்து சத்துணவுக்குத் தருகிறது. ஒரு கிராம் உப்புக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இரும்பு. நல்லது, இருக்கட்டும். எங்கள் பணம் அதற்குத் தேவையில்லை.

மாத்திரைக்கு வருவோம். ஐந்தாம் வகுப்பு வரை இளஞ்சிவப்பு மாத்திரை, 45 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். ஆறாம் வகுப்பிலிருந்து நீல மாத்திரை, 60-ம் 500-ம். வாரம் ஒன்று. கணக்குப்படி இதுதான் எல்லாவற்றையும் வெல்கிறது. செறிவூட்டிய அரிசியில் வாரம் முழுக்கச் சேர்த்தாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 14 முதல் 21 மில்லிகிராம்தான் வரும். ஒரு மாத்திரை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. காசும் நம்முடையது இல்லை, அரசு தருகிறது. ஆனால் எங்கள் பள்ளிக் குழாயடியில் நான் ஒரு நாள் பார்த்தது: ஈரமண்ணில் ஐந்தாறு நீல மாத்திரைகள், மேல்பூச்சு கரைந்து நீலக் கறையோடு. ஏன் துப்பினீர்கள் என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், "வயிறு பொரட்டுது அத்த. வெளிக்கிப் போனா கறுப்பாப் போகுது, அம்மா பயந்துட்டாங்க." இரண்டும் இந்த மாத்திரையில் வழக்கமாக வருவது. வெறும் வயிற்றில் போட்டால் புரட்டும், மலம் கறுக்கும், பயப்பட ஒன்றுமில்லை. இதை அந்த அம்மாக்களிடம் யாரும் சொல்லவில்லை. இங்கே தேவைப்படுவது பெற்றோர் கூட்டத்தில் ஒரு பத்து நிமிடப் பேச்சும், சாப்பிட்ட பிறகு டீச்சர் முன்னால் விழுங்கவைப்பதும். பைசா செலவில்லாத வேலை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரைக்கும் இதேதான். வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் நாம் ஊட்டுவதில் ஒரு பங்கு அதற்குப் போகிறது.

முட்டை. ஆறாவது முட்டை கொடுக்கலாம் என்றார் ஒருவர். கர்நாடகத்தில் 2024-இல் வாரத்துக்கு 6 முட்டை வந்ததைப் படித்திருக்கிறார். முட்டை என்றால் எனக்குத் தனிப் பிரியம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், நல்ல வைட்டமின் ஏ, அரை மைக்ரோகிராமளவு பி12. 100 கிராம் செறிவூட்டிய அரிசியில் உள்ள பி12-ஐப் போல இது நாலு மடங்குக்கும் மேல். முட்டையை நிறுத்திவிட்டு அரிசியில் வைட்டமின் கலந்தால் போதும் என்று எந்த மாநிலமாவது கணக்குப் போட்டால், அந்தக் கணக்கு தப்பு. ஆனால் முட்டையில் இரும்பு குறைவு, இருக்கும் கொஞ்சமும் சரியாக ஒட்டாது. எங்களுக்கோ பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை வந்துகொண்டிருக்கிறது. நாமக்கல் விலையில் ஐந்து ரூபாய்க்கு மேல் கொடுத்து ஆறாவதை எந்த நாளில் போடுவது? முட்டை வராத மாநிலத்தில் இருந்தால் நாலு ரூபாயோடு இன்னும் ஒன்றிரண்டு சேர்த்து முட்டையைத்தான் முதலில் வாங்கியிருப்பேன்.

கீரைத் தோட்டம் எனக்கு ஆசை. பள்ளி மதிலோரம் நாலு முருங்கை, இரண்டு பாத்தி அரைக்கீரை. முருங்கைக்கீரையில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். 100 கிராமுக்குச் சுமார் நாலரை மில்லிகிராம். ஒரு பிள்ளைக்கு 20 கிராம் இலை போட்டால் ஒரு மில்லிகிராம்கூட வராது. அதன் உண்மையான பலம் வைட்டமின் ஏ ஆகும் கரோட்டினில் இருக்கிறது, கொஞ்சம் எண்ணெயோடு சாப்பிட்டால் சிறப்பு. சரி, யார் உருவுவது? மழைக்காலத்தில் முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சி. கோடை விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது? நூறு பிள்ளைகளுக்குக் கீரை ஆய ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சமையலர் அக்காவுக்கு இருக்கும் வேலையே தலைக்கு மேல். சம்பளம் இல்லாமல் இன்னொரு வேலையை அவர் தலையில் கட்டுவதைத் தானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரங்கள் வைப்போம், வாரம் ஒரு நாள் சாம்பாரில் போடுவோம். அதற்கு மேல் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

கடைசியாகச் சுண்டல். செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலையோ பச்சைப் பயறோ 20 கிராம் ஏற்கெனவே சத்துணவில் உண்டு. அதை மற்ற நாட்களுக்கும் நீட்டினால்? 25 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையில் ஐந்து கிராமை ஒட்டிய புரதம், 1.7 மில்லிகிராம் இரும்பு, 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஃபோலேட். 100 கிராம் செறிவூட்டிய அரிசியில் ஃபோலிக் அமிலம் 7.5 முதல் 12.5 மைக்ரோகிராம். கலந்து தரும் ஃபோலிக் அமிலம் உடம்பில் கூடுதலாக ஒட்டும், கடலையில் உள்ளது வேகும்போது கொஞ்சம் கரையும், இரண்டையும் கழித்துப் பார்த்தாலும் கடலை முன்னால் நிற்கிறது. கிலோ நூறு ரூபாய் என்றே வைத்தாலும் 25 கிராம் இரண்டரை ரூபாய். மிச்சம் ஒன்றரை ரூபாயில் எண்ணெய், கடுகு, விறகு, அப்புறம் மிக முக்கியமாக ஒரு புளிப்பு. கொய்யாத் துண்டு, நெல்லிக்காய், இல்லாவிட்டால் எலுமிச்சை பிழிந்தது. கடலையில் உள்ள இரும்பை உடம்புக்குள் இழுத்துவிடுவது அந்த வைட்டமின் சி. எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போது பிழியக் கூடாது, இறக்கி ஆறிய பிறகு பிழிய வேண்டும். சூட்டில் போய்விடும்.

எனக்குச் சுண்டல் பக்கம் சாய்வு வந்துவிட்டது. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதா என்று யோசிக்கும்போதுதான், முன்னால் நான் சொன்ன அந்த வித்தியாசம் திரும்ப வந்தது.

காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதமே அந்தப் பிள்ளைக்குப் பொங்கலும் இல்லை, கிச்சடியும் இல்லை. அதே வயதில்தான் உடம்பு கேட்பது ஏறுகிறது. 7 முதல் 9 வயதில் 15 மில்லிகிராம் இரும்பு கேட்ட பெண் பிள்ளைக்கு 10 வயதிலிருந்து 28 மில்லிகிராம் வேண்டும். பையனுக்கு 16 போதும். அவளுக்குக் கிடைக்கும் 150 கிராம் அரிசியில் 4 முதல் 6 மில்லிகிராம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "டீ." "டீயும் ரஸ்க்கும்." "தங்கச்சிக்கு இங்க சாப்பாடு இருக்குல்ல, அம்மா எனக்குன்னு தனியா அடுப்பு பத்தவைக்காது." இப்படிச் சொன்ன பிள்ளை மதியம் பன்னிரண்டரை வரை டீயோடு உட்கார்ந்திருக்கிறாள். நீல மாத்திரை அவள் வயிற்றைப் புரட்டாமல் என்ன செய்யும்?

அதனால் குழுவில் நான் வைத்த யோசனை இது. எது என்பதற்கு முன்னால் யாருக்கு என்று முடிவு செய்வோம். பணம் முழுவதும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு. காலை இடைவேளையில் கொண்டைக்கடலை, பச்சைப் பயறு, தட்டைப்பயறு மாற்றி மாற்றிச் சுண்டல், கூட ஒரு புளிப்புப் பழம். காலை உணவு சமைக்கும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் அதே அடுப்பில் வேகவைப்பார்கள், அவர்களுக்குத் தனிக் கூலி. மூன்று வகுப்புக்கு மட்டும் என்பதால் பிள்ளைக்கு ஒதுக்கும் அளவும் கூடும், கூலிக்கும் பணம் நிற்கும். மாத்திரை நாளில் சுண்டல் சாப்பிட்ட அரைமணி கழித்து அல்ல, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே மாத்திரை. சின்னப் பிள்ளைகளை விட்டுவிடுகிறீர்களே என்று ஒரு அம்மா கேட்டார். கேட்கத்தான் செய்வார், என் மகனும் மூன்றாம் வகுப்பில்தான் படிக்கிறான். அவர்களுக்குக் காலையும் மதியமும் இருக்கிறது, அக்காமார்களுக்கு ஒரு வேளைதான் இருக்கிறது என்று சொன்னேன்.

வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வெளியிலிருந்து வரும் உணவு என்பதால் பிள்ளைகளுக்குப் போடும் முன் ஒரு ஆசிரியர் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். 2013-இல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்ததை யாரும் மறக்கக் கூடாது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் இந்த மூன்று வகுப்புப் பெண் பிள்ளைகளின் ஹீமோகுளோபினை இப்போது ஒரு முறையும் ஆண்டுக் கடைசியில் ஒரு முறையும் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மாறவில்லை என்றால் யோசனையை மாற்றுவோம்.

சமையலர் அக்காவிடம் அந்த மஞ்சள் மணிகளை ஒரு கிண்ணத்தில் ஊறவைத்துக் காட்டினேன். சிறிது நேரத்தில் விரல் நடுவே மாவாக நசுங்கியது. முகர்ந்து பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார். "அரிசி மாவுதான்" என்றார். அப்புறம் மூட்டையிலிருந்து அள்ளிய அரிசியைப் பொறுக்காமல் அப்படியே பானையில் போட்டார்.